சாத்திய கேட்

செத்த மாடுகள் எல்லாம் கேட்டை ஒட்டியே கிடந்தன. எல்லாத் தலைகளும் கேட்டைப் பார்த்தபடி. அந்தப் பக்கம், குட்டையை ஒட்டிய வேலி அடைப்பில், தப்பிய மாடுகள் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன. மூன்று வருஷம் மழை பொய்த்ததில் மொட்டையாகிப்போன அடைப்பு அது. எரிவதற்கு அங்கே ஒரு புல்லும் இல்லை. "தீ இந்தப் பக்கம் திரும்புச்சுன்னா மாட்டை எல்லாம் அந்தக் குட்டை அடைப்புக்குள்ள தள்ளிடு" என்று மகள் ப்ரான்வினிடம் சொல்லிவிட்டுத்தான் டெஸ் ஊர்த் தீயணைப்பு வண்டியில் ஏறிப் போயிருந்தார்.

அவளும் அதைத்தான் செய்தாள். ஓடைக்கரை அடைப்பில் நின்று பிக்கப் வண்டியின் ஹாரனை அடித்தாள். வறட்சி முழுக்க அந்தச் சத்தத்துக்கே தீனி தின்று பழகிய மாடுகள் பின்னாலேயே ஓடிவந்தன. கேட்டைத் திறந்து, பாதிக்கு மேல் குட்டை அடைப்புக்குள் நுழைந்ததும், பின்தங்கியவற்றைக் கூட்டிவர வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தாள். இறங்கினாள். கேட்டைச் சாத்தினாள். சங்கிலியை மாட்டினாள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து செய்கிற வேலை. கை செய்ததே தவிர, தலைக்குத் தெரியவில்லை. வண்டியில் ஏறியபோது ஓடைப் புல்லில் தீ இறங்கிவிட்டது. புகைக்குள் ரோட்டைத் தேடி ஓட்டினாள். ரோட்டுக்கு வந்த பிறகுதான் சங்கிலி ஞாபகம் வந்தது. திரும்பிப் போக வழியில்லை.

"எந்த முட்டாப்பய சாத்துனான் இதை?" தீ அடங்கித் திரும்பி வந்த டெஸ் கேட்டை எட்டி உதைத்தார். "திறந்து கிடந்திருந்தா அதுங்களாவே உள்ள போயிருக்கும்ல?"

பக்கத்துப் பண்ணை மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் முழுக்கக் கரி.

"நானாத்தான் இருக்கும், டெஸ். குட்டையில தண்ணி எடுக்க வண்டியோட வந்தேன்ல. போறப்போ சாத்தினேனா இல்லையான்னு எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரமாட்டேங்குது."

"கண்ணும் தெரியல, புத்தியும் போச்சு. உன்னை எவன் வண்டி ஓட்டச் சொன்னான்? வீட்ல உக்காந்து கிரிக்கெட் பாக்க வேண்டியதுதானே?"

மெர்வ் தலையாட்டினார். ஏதாவது திட்டமாட்டானா என்று காத்திருந்தவர் போல.

அவர் வந்து போனது தனக்கு முன்னால் என்பது ப்ரான்வினுக்குத் தெரியும். அவர் சாத்திவிட்டுப் போன கேட்டைத் திறந்ததே அவள்தான். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், இந்த ஊர் கடைசிவரை மெர்வைத்தான் சொல்லும். அந்த நினைப்பில் ஒரு நொடி நெஞ்சு லேசானது. அதற்காகவே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"நான்தாம்ப்பா சாத்தினேன்."

"சும்மா இரு," என்றார் டெஸ். "இவனைக் காப்பாத்தப் பொய் சொல்லாத." அவள் தோளில் கை போட்டார். எப்போதும் போடாத கை.

"நல்ல மனசும்மா உனக்கு," என்றார் மெர்வ். "வேணாம்."

அங்கேயே விட்டிருக்கலாம். சொல்லவும் சொல்லியாயிற்று, நல்ல பெண் என்ற பேரும் வந்தாயிற்று.

"மாமா, நீங்க தண்ணி எடுத்துட்டுப் போனப்புறம்தான் நான் வந்தேன். அப்பா, அதோ உள்ள நிக்குதே வெள்ளைக் காது கிடேரி, அது என் வண்டிக்குப் பின்னாலயே வந்துச்சு. கண்ணாடில பாத்தேன். வெளிய வந்து, சாத்திச் சங்கிலியப் போட்டேன். எப்பவும் போடுற மாதிரி. ரோட்டுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது."

தோளிலிருந்து கை இறங்கியது.

மெர்வ் தொப்பியை மாட்டிக்கொண்டு சட்டென்று முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் வந்த நிம்மதியை அவள் பார்த்துவிட்டாள். அவருக்கு அதில் பாத்தியதை உண்டு என்று நினைத்தாள்.

வேலியோரம் ஒரு பசு இன்னும் எழப் பார்த்துக்கொண்டிருந்தது. தீயில் குளம்புகள் கழன்றிருந்தன. டெஸ் துப்பாக்கியில் தோட்டா போட்டு மகளிடம் நீட்டினார். அவர் திட்டவில்லை. திட்டினால் தேவலை.

"நெத்தில வை," என்றார். "கிட்டப் போ. இன்னும் கிட்ட."