பதினைந்துக்கு ஒரு கேக்

சேலையூரில் ஜெயகிருஷ்ணன் வீட்டில் மதிப்பெண்ணுக்குத்தான் முதல் மரியாதை, மனிதர்களுக்கு அதற்கப்புறம்தான். பிளஸ் டூ படிக்கும் அவர் மகள் சின்மயி, இயற்பியல் திருப்புதல் தேர்வில் எழுபத்தைந்து வாங்கியிருந்தாள். அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, பிரான்சிலிருந்து அத்தை திரிபுரசுந்தரி அவரை வீடியோவில் அழைத்தாள்.

"அண்ணா, நம்ம அனிருத் ஃபிசிக்ஸ்ல இருபதுக்குப் பதினஞ்சு! கேக் வெட்டிட்டிருக்கோம்."

"நூத்துக்கு எழுபத்தஞ்சுன்னு சொல்லு. இதுக்கு ஒரு கேக்கா? இங்க தொண்ணூத்தஞ்சு வாங்கினவனே கேம்ப் ரோட்டுல தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போறான்."

"இங்க இருபதெல்லாம் லேசுல போட மாட்டாங்கண்ணா. பதினஞ்சுன்னா வாத்தியாரே கை குலுக்குவார்."

"குலுக்கட்டும், குலுக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம், புதன்கிழமையானா அரை நாள் லீவு. அது ஸ்கூலா, கிளப்பா? எங்க ஊர் ஸ்கூல்ல உன் பையனை வாசலோட அனுப்பிடுவாங்க."

அப்பாவின் சிரிப்பில் சின்மயிக்கு உடம்பெல்லாம் கூசியது. திரையில் அனிருத்தின் முகம் சுருங்குவதைப் பார்த்தாள். பாவம், அவன் மட்டும் ஏன் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்?

"அப்பா, ஃபிசிக்ஸ்ல எனக்கும் எழுபத்தஞ்சுதான்" என்றாள்.

ஜெயகிருஷ்ணன் சட்டென்று மகள் பக்கம் திரும்பினார். மகளைத் திட்டலாமென்றால் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பர் அக்கா!" என்று கத்தினான் அனிருத். "அம்மா, அக்கா பேர்ல இன்னொரு துண்டு வெட்டு."

ஜெயகிருஷ்ணன் போனை மகள் கையில் திணித்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

"பெரிய துண்டா வெட்டச் சொல்லுடா" என்றாள் சின்மயி.