சாவிக்கு அடங்காத விளக்கு

1986 கார்த்திகையிலிருந்து 1992 ஆயுத பூஜை வரை திருவேங்கடத்தின் பிக்கப் வண்டியில், பின்பக்கக் கூண்டுக்குள் ஒரு பல்பு ஒரு நொடிகூட அணையாமல் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்து, இறந்துபோன புஷ்பா மல்லிகை கட்டினாள். அவர் மனைவிதான். பூந்தமல்லியில் இதைப் பார்க்காதவர் யாராவது இருந்தால் அவர் வெளியூர்க்காரராக இருப்பார்.

உயிரோடு இருந்தபோதும் அவள் அதே கோணியில்தான் உட்கார்ந்து கட்டினாள். பட்டாபிராம் பக்கத்துத் தோட்டங்களில் மதியம் ஏற்றும் உதிரிப்பூ, சாயங்காலம் மாங்காட்டுக் கோயில் வாசலில் சரமாக இறங்க வேண்டும். வழியில் கட்டினால்தான் உண்டு. கூண்டோ நாலு பக்கமும் தகரம், ஜன்னல் கிடையாது. உள்ளே இருந்த பல்பு சாவி போட்டிருந்தால்தான் எரியும். ரயில்வே கேட் மூடினால் டீசலை மிச்சம் பிடிக்க எல்லா டிரைவர்களும் சாவியைத் திருப்பிவிடுவார்கள், திருவேங்கடமும் திருப்புவார், பட்டப்பகலில் புஷ்பா இருட்டில் கிடப்பாள். "கேட்டாண்ட நின்னா ஒண்ணுமே தெரியல. பாட்டரிலேர்ந்து நேரா ஒரு ஒயர் இழுக்கச் சொல்லுங்கோ" என்று கேட்டாள். "நாளிக்கு பாத்துக்கலாம் புள்ள" என்றார். அந்த நாளைக்கு எட்டு மாதம் இழுத்தது. கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. சோம்பேறி, அவ்வளவுதான்.

ஐப்பசியில் ஒரு மழை நாள், கேட் மூடியிருந்தது. நார் எங்கோ கைதவறி விழ, வெளிச்சத்துக்காகப் பின்கதவைத் திறந்த புஷ்பா கால் வழுக்கிக் கீழே விழுந்தாள். தலை கல்லில் பட்டது. கூட்ஸ் போன சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கேட் திறந்ததும் ஓட்டிக்கொண்டு போனவர், மாங்காட்டில் இறங்கி, "புஷ்பா, பூவ எடு" என்று கூப்பிட்ட பிறகுதான் பின்னால் வந்து பார்த்தார். கூண்டில் கோணி மட்டும் கிடந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த வண்டி எலெக்ட்ரீஷியன் ஜம்புலிங்கத்திடம் போய், சாவிக்கு அடங்காத விளக்கு வேண்டும் என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரே சொன்னது. ஜம்புலிங்கம் வேலையில் இறங்கினார். வண்டி நிற்கும்போது பாட்டரி இறங்கிவிடக் கூடாதென்று இரண்டாவதாக ஒன்று வைத்தார். நடுவில் ஒரு ஃபியூஸ் போட்டு, சிவப்பு ஒயரை அடிச்சட்டத்தோடு கட்டிப் பின்னால் கொண்டுபோனார். "சுச்சு எங்க அண்ணாத்தே வெக்கறது?" என்று கேட்டார். "சுச்சே வாணாம்பா. எவனாச்சும் அணைச்சிடுவான்." பல்பு எரிந்தது. கோணியில் புஷ்பா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சரத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். ஜம்புலிங்கம் மீட்டரை வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட் சரியாக இருந்தது.

அப்புறம் திருவேங்கடம் மதியச் சோற்றைக் கூண்டுக்குள்தான் சாப்பிட்டார். வெளிச்சம் விழும் எல்லைக்கு வெளியே அவளால் கால் வைக்க முடியாது. பாட்டரி மாற்றும்போதெல்லாம் புதியதை மாட்டிவிட்டுத்தான் பழையதைக் கழற்றுவார்கள். அவள் கட்டிய சரம் மறுநாளும் வாடாது என்று கோயில் வாசலில் பூ விற்ற அன்னம்மாள் அதைத்தான் கேட்டு வாங்குவாள். இரண்டாம் வருஷம் புஷ்பா, "கொஞ்ச நேரம் அணைங்கோ, கண்ணு எரியுது" என்றாள். அணைத்தால் திரும்பி வருவாளோ மாட்டாளோ என்ற பயம் அவருக்கு. "நாளிக்கு பாத்துக்கலாம் புள்ள" என்றார். அவள் மறுபடியும் கேட்கவில்லை. ஆறு வருஷம் கண் மூடாமல் கட்டினாள். விரல் நுனிகள் நாரில் தேய்ந்து வழவழத்துப் போயின. "அதும் மூஞ்சப் பாத்தியா நைனா? செத்தும் தூங்கல அது" என்று அன்னம்மாள்தான் ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே சொன்னாள். அதற்கும் அவர் வாயில் நாளிக்கு என்றுதான் வந்தது. வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஜம்புலிங்கம் ஸ்பேனர், சுத்தி, மீட்டர் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து வாழையிலையில் படுக்க வைத்திருந்தார். அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது. வண்டிக்கு மாலை போட்டுக் கொண்டுவந்த திருவேங்கடம் பின்கதவைத் திறந்தார். புஷ்பா இலையைப் பார்த்தாள். "ஸ்பேனருக்குக்கூட இன்னிக்கு ரெஸ்ட் கீது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே முன்னால் போய் ஃபியூஸைத் தன் கையாலேயே பிடுங்கினார். கூண்டு இருண்டது. உள்ளேயிருந்து ஒரு நீண்ட கொட்டாவி கேட்டது, அப்புறம் கோணி சரசரக்கும் சத்தம். ஃபியூஸுக்கும் பொட்டு வைத்து இலையில் வைத்தார்கள்.

மறுநாள் விஜயதசமி, கருவிகளைத் திரும்பக் கையில் எடுக்கும் நாள். ஜம்புலிங்கம் ஃபியூஸை எடுத்து நீட்டினார். "போட்டுடலாமா அண்ணாத்தே?" திருவேங்கடம் தகரத்தில் காதை வைத்துக் கேட்டார். "வாணாம். தூங்கட்டும்" என்றார்.

அதிலிருந்து பூக்கூடைகள் முன்சீட்டில் போயின. பள்ளம் மேடு வந்தால் வண்டி ஊர்ந்துதான் போகும். கேட்டில் அதற்குப் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பதில்லை. ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் மட்டும் மறித்து, "பின்னால இன்னா லோடு?" என்று கேட்டார். "என் ஊட்டுக்காரி சார். தூங்குது." அவரும் தகரத்தில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு பின்னால் உறுமிக்கொண்டிருந்த லாரிக்குச் சத்தம் போடாதே என்று கையைக் காட்டிவிட்டு, வண்டியைப் போகச் சொன்னார்.