புல்லுக்கு ஒரு குடை

தோட்டக்காரி மண்டியிட்டுக் குனிந்து, பழுப்பேறிய புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. வேரைப் புழு தின்றிருந்தால் பாயைச் சுருட்டுகிற மாதிரி கையோடு வந்திருக்கும். ஓர் இலையைக் கிள்ளி மூக்கருகில் வைத்தாள். அழுகல் வாடையும் இல்லை. போன வாரம் பூஞ்சை என்று சொல்லி மருந்து அடித்தது அவள்தான். அதற்கு முன்னால் புழு என்று சொல்லி வேறொரு மருந்து போட்டதும் அவள்தான். புல் இரண்டையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு, தன்பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தது.

தெருவில் பாதி வீட்டுப் புல்லுக்கு நாடி பார்ப்பவள் அவள். எந்தப் புல்லும் தன்னிடம் பொய் சொல்லாது என்று ஒரு கர்வம் உண்டு. இங்கே பழுப்புத் திட்டுகள் இரண்டு. ஒன்று மதில் ஓரம், காலையில் நிழல் விழும் இடத்தில். மற்றது மரத்தடியில், மதியத்துக்கு மேல் நிழல் விழும் இடத்தில். நிழலைத் தேடி வருவது பூஞ்சையாகத்தானே இருக்க வேண்டும்? இதைவிடக் குறைந்த ஆதாரத்தில் ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் காபிக் கோப்பையுடன் படியில் வந்து நின்றார். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். வீட்டிலும் மனைவி உட்பட எல்லோருக்கும் தலைவர்தான். இந்தப் புல்தரையைத் தன் மூன்றாவது பிள்ளை என்று விருந்தாளிகளிடம் சொல்வார். மூத்த இரண்டையும் யார் வளர்த்தார்களோ, மூன்றாவதுக்குத் தண்ணீர் ஊற்றுவது தோட்டக்காரி.

"மாசக் கடைசியில சங்கக் கூட்டம் இந்தப் புல்லு மேலதான். அதுக்குள்ள பச்சை திரும்பலைன்னா பிளாஸ்டிக் புல்லு விரிச்சிடப் போறேன். ஆள் பேசியாச்சு."

"பிளாஸ்டிக் புல்லுக்கு நான் என்னங்க செய்யறது?"

"அதான் நானும் யோசிச்சேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம்."

தலைவர் தும்மினால் தெருவே கைக்குட்டையை எடுக்கும். இந்த வீட்டில் பிளாஸ்டிக் வந்தால் அடுத்த மாதம் எல்லா வீட்டிலும் வந்துவிடும். அப்புறம் அவள் கத்திரியைத் துடைத்து மூலையில் போட வேண்டியதுதான்.

வெளியே போகும்போது கேட்டில் பகல் வாட்ச்மேன் வேலைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் அவளுடைய சம்பந்தி, மகளின் மாமனார். தேய்த்த சட்டையின் மடிப்பில் காய் நறுக்கலாம்.

"வாங்க சம்பந்தியம்மா, கெளம்பியாச்சா?"

"ஆமாண்ணே. நீங்க போய் ஃபேன் காத்துல உக்காருங்க."

அவர் மீசைக்குள் சிரித்தார். மகள் வீட்டில் அவர் தன் உத்தியோகத்தை வர்ணிக்கும் அழகே தனி. "கேட்டுக்குப் பக்கத்துல எனக்குன்னு தனி ரூம். ஃபேனு, நாற்காலி. உக்காந்தேன்னா சாயங்காலம் வரைக்கும் ராஜாதான்." கேட்டருகே கண்ணாடி வைத்த சிறு அறை ஒன்று இருக்கவே செய்தது. அவர் வரும் நேரத்தில் அவள் அடுத்த வீட்டுக்கு ஓடுவாள். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அன்று மதியம் மனசு கேட்காமல், நீளமான ஒரு திருப்புளியை இரவல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். மண்ணைக் குத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருந்தது. சின்னக் கதவைத் தள்ளினாள். மரத்தடியில், பழுப்புத் திட்டுக்கு நட்ட நடுவில், சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். வலது காலிலிருந்து இடது காலுக்கு, இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி மாறி. ஒவ்வொரு தடவையும் பூட்ஸ் குதிகால் புல்லை ஒரு திருகு திருகியது.

"என்னண்ணே, இங்க நிக்கிறீங்க?"

"ரவுண்ட்ஸ்."

"ரவுண்ட்ஸ்னா சுத்தணும். நீங்க நட்டு வெச்ச மாதிரி நிக்கிறீங்களே."

அவள் திரும்பிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகளும் டிவி அட்டைப்பெட்டிகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. உள்ளே ஒரு பூனை உட்கார வேண்டுமானாலும் தலைவரிடம் மனுப் போட வேண்டும்.

"உக்காந்தா தூக்கம் வரும்னு நாற்காலி கெடையாதுன்னுட்டார்," என்றார் சம்பந்தி, வாசல் காமிராவைப் பார்த்தபடியே. "அதுல நான் முழுசா தெரியணும், நின்னபடி. சிமெண்ட்டு கொதிக்குது. அதான் நிழல் எங்க போகுதோ, நானும் அங்க போறேன்."

அவள் குனிந்து திருப்புளியை மண்ணில் வைத்து அழுத்தினாள். செங்கல்லில் குத்தின மாதிரி முனை நழுவியது. இப்படி இறுகிய மண்ணில் தண்ணீர் எப்படி இறங்கும், வேர் எப்படி மூச்சு விடும்? பூஞ்சை, பூஞ்சை என்று அவள் மருந்தடித்தது இந்த மனிதர் நிழல் தேடி நின்ற இடத்துக்குத்தான். நிமிரும்போது அவருடைய கணுக்கால் கண்ணில் பட்டது. சாக்ஸின் ரப்பர் வீங்கின சதைக்குள் புதைந்திருந்தது.

"வீட்ல சொல்லிடாதீங்க. தெரிஞ்சா பையன் வேலைய விடச் சொல்லுவான். விட்டுட்டு? அவன் ஒருத்தன் சம்பாத்தியத்துல எத்தன வாய்?"

அவள் வீட்டுக்கு அவர் வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, 'உக்காருங்க, உக்காருங்க' என்று சொன்ன பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். உட்கார்ந்தவுடன் அவர் கண்களை மூடி நீளமாக ஒரு மூச்சு விடுவார். வயசு என்று நினைத்திருந்தாள். இத்தனை நாளும் இந்தக் கால்களை வைத்துக்கொண்டு ஃபேனையும் ராஜாவையும் ஜோடித்துப் பேசிய மனிதரை நிமிர்ந்து பார்த்தாள். மடிப்பு அப்போதும் கலையவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை போகும்.

மறுநாள் காலையில் தலைவரிடம் போய் நின்றாள்.

"மண்ணு இறுகிடுச்சுங்க ஐயா. நோயெல்லாம் இல்ல."

"ஏன் இறுகுது? யாராவது மிதிச்சாங்களா?"

"போன வருஷம் ரோலர் வாங்கி உருட்டச் சொன்னீங்களே."

தலைவர் காபியை விழுங்கினார். "அந்த ரோலர்காரன் அப்பவே சரியில்ல. சரி, என்ன வைத்தியம்?"

"கடப்பாரையால ஓட்ட போட்டு, மணலும் எருவும் நெரப்பி, புது விதை தூவணும். சுத்திக் கயிறு கட்டணும். தளிர் வெயில் தாங்காது, பெரிய குடை ஒண்ணு நடணும். அப்புறம், விதைய குருவி பொறுக்கிடும். பக்கத்துலயே ஒரு ஆளு உக்காந்து வெரட்டணும்."

"வாட்ச்மேன் இருக்கானே. நின்னுக்கிட்டே வெரட்டட்டும்."

"நிக்கற ஆளுக்குக் குருவி பயப்படாதுங்க. சோளக்கொல்லை பொம்மைன்னு நெனச்சு தலைமேலயே வந்து உக்காரும். உக்காந்திருந்து திடீர்னு எந்திரிச்சாதான் பயப்படும்."

தலைவர் யோசித்தார். பல கூட்டங்களில் இதைவிட மட்டமான விளக்கங்களை அவரே சொல்லியிருக்கிறார். "லாஜிக் இருக்கு," என்றார்.

மூன்றாவது பிள்ளைக்குக் குடை வந்தது. குருவிக்காக ஒரு ஸ்டூலும் வந்தது. தோட்டக்காரி குடையைக் கொஞ்சம் சாய்த்து நட்டாள். பாதி நிழல் விதைக்கு, பாதி ஸ்டூலுக்கு. சம்பந்தி முதல் நாள் ஸ்டூலின் நுனியில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்புறம் பழகிக்கொண்டார். அவ்வப்போது திடீரென்று எழுந்து 'ஹோய்' என்று கத்துவார், காமிராவுக்குத் தெரிகிற மாதிரி. குருவியே வராத நாளிலும் கத்தினார். சாக்ஸின் தடம் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. பூனைமுடி போலப் புல் எட்டிப் பார்த்தது. சீக்கிரமே தரையை மூடிக்கொண்டது.

கூட்டத்தன்று தலைவர் பச்சை விரிப்பின் மேல் நின்று பேசினார். "புல்லும் உயிர்தான். அதுக்கும் நிழல் வேணும், ஓய்வு வேணும். நாமதான் புரிஞ்சுக்கணும்." கை தட்டினார்கள். சம்பந்தி ஒவ்வொரு காருக்கும் விறைப்பாக சல்யூட் அடித்தார். மற்ற வீட்டுக்காரர்கள் கடப்பாரை வைத்தியத்தைத் தோட்டக்காரியிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். பிளாஸ்டிக் புல் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வாரம், வெயில் சாயும் நேரத்தில் தண்ணீர் விட வந்தாள். குடை மாடிக்குப் போயிருந்தது, அதன் அடியில் தலைவரின் சாய்வு நாற்காலி தெரிந்தது. ஸ்டூலைக் காணோம். சம்பந்தி புல்லை ஒட்டிய சிமெண்ட்டில், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, நேராக நின்றார்.

"என்னண்ணே?"

"விதை மொளச்சாச்சுல்ல, இனி குருவி என்ன பண்ணும்னுட்டார்." அவர் அரை அடி நகர்ந்தார். "ஆனா தளிர் வெயில் தாங்காதுன்னு நீங்க சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கு. 'உன் நிழல் சும்மாதானே விழுது, புல்லு மேல விழட்டும்'னார்."

அவருடைய நிழல், தொப்பியோடு, இளம்புல்லின் மேல் நீளமாகப் படுத்திருந்தது. அந்த இடம் மட்டும் குளிர்ந்து, மற்ற இடத்தைவிடப் பசுமையாகத் தெரிந்தது. வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார்.

அவள் புல்லுக்குத் தண்ணீர் விட்டாள். பிறகு குழாயைத் திருப்பி, அவர் காலடிச் சிமெண்ட்டில் பிடித்தாள். ஆவி கிளம்பியது.

"பூட்ஸ் நனையுது சம்பந்தியம்மா," என்றார் அவர். ஆனால் காலை எடுக்கவில்லை.

நிழலுக்காக அவர் மறுபடி நகர்ந்தபோது, ஈரத்தின் நடுவே இரண்டு பாத அளவுக்குக் காய்ந்த தடம் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றியிருந்த ஈரமும் காய்ந்து, தடம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.