காப்பு நோட்டு

வக்கீல் செங்கமலம் தன் கட்சிக்காரர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்; இம்மி கூட்டினாலும் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பார். இருபத்தைந்து வருடத் தொழிலில் இரண்டு பேருக்கு அப்படித் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறார்.

அந்தப் பிடிவாதம் சுனாமி வந்த வருடத்தில் பிறந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் நாற்பது மீனவக் குடும்பங்களுக்கு அவர் இழப்பீட்டு மனு எழுதினார். ஒருவர், போன வலை ஒன்றை இரண்டு என்று போடச் சொன்னார். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று கெஞ்சினார். செங்கமலமும் எழுதிவிட்டார். விசாரிக்க வந்தவர்கள் அந்த ஒரு வலையைப் பிடித்துக்கொண்டு நாற்பது மனுக்களையும் ஓரங்கட்டினார்கள். மீட்டெடுக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. சிங்கப்பெருமாள் கோயிலில் நான்கு தலைமுறையாகப் பெருமாள் கைங்கரியம் செய்த வீட்டுப் பெண்ணான செங்கமலம், குப்பத்தில் வாசல் வாசலாகப் போய்த் தலைகுனிந்து நின்றார். இனி ஒரு வாசலிலும் இப்படி நிற்பதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தார். அதன்பின் கல்குவாரி சரிவு, கொதிகலன் வெடிப்பு, இடிந்த கட்டடம் என்று எத்தனையோ பேருக்காக வாதாடிவிட்டார். அந்த முடிவு மாறவில்லை.

இப்போது அவர் கையில் இருந்தது ஒரு பெயின்ட் தொழிற்சாலைத் தீ விபத்து. ஆடி மாதம் நான்காம் ஞாயிறு காலையில் தின்னர் கிடங்கு பற்றிக்கொண்டு ஏழு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆறு குடும்பங்களுக்கு ஒரு வருடத்துக்குள் உத்தரவு வாங்கிவிட்டார். ஏழாவது ஆள் ஜான்சன். அன்று அவன் விடுப்பில் இருந்தான், அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தவன், அவன் சாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்றது கம்பெனி. வருகைப் பதிவும் அதையே சொன்னது.

உண்மை ஜான்சனின் மனைவி ஜெபாவுக்குத் தெரியும். ஜான்சனோடு அதே பிரிவில் வேலை செய்தவன் வாசுதேவன். செய்யூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். ஆடியில் அவன் தன் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டுவான். வெள்ளிக்கிழமை மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டினால், ஞாயிறு மாலை தீ மிதித்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த மூன்று நாளும் ஜான்சன் தனக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வாசுதேவனின் கார்டில் உள்ளே போய் அவன் வேலையைப் பார்ப்பான். கிறிஸ்துமஸுக்கு வாசுதேவன் ஜான்சனின் கார்டில் போவான். கேட்டில் கார்டின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். சூப்பர்வைசருக்கும் தெரியும், ஆள் கணக்கு சரியாக இருந்தால் அவருக்குப் போதும். ஐந்து வருடமாக அப்படித்தான் நடந்தது.

தீ விபத்துக்குப் பிறகு கம்பெனி வாசுதேவனைக் கூப்பிட்டு, அன்று தானே வேலையில் இருந்ததாகவும் தீயிலிருந்து தப்பித்ததாகவும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் அவனும் போட்டுவிட்டான்.

ஒரு நாள் ஜெபா செங்கமலத்தின் அலுவலகத்துக்கு வந்தாள். "மேடம், ரெண்டு பேர் சாட்சி சொல்ல வரேன்றாங்கோ. அவுரு கார்டு தேச்சிகினு உள்ள போனத பாத்தோம்னு சொல்லிடுவாங்கோ."

"பார்த்தாங்களா?"

ஜெபா புடவைத் தலைப்பைப் பார்த்தாள். "அன்னிக்கி அவுங்களுக்கு லீவு."

"அப்ப வேண்டாம்மா."

"துட்டு வராட்டியும் போவட்டும் மேடம். பூந்து வந்தவன்னு எழுதி வெச்சிக்கிறாங்களே. நாளிக்கி எம்பொண்ணு அத்த படிக்கும்ல?"

செங்கமலம் கேஸ் கட்டைப் புரட்டி வாசுதேவனின் ஊர் முகவரியைக் குறித்துக்கொண்டார். மறுநாள் செய்யூர் பஸ் ஏறினார்.

வாசுதேவனின் அப்பா முத்துசாமிதான் அந்த ஊரில் காப்புக் கட்டுகிறவர். காப்பு நோட்டும் அவர் பொறுப்பு. யார் யார் கட்டுகிறார்களோ அவர்கள் காப்பு அவிழும்வரை தினமும் காலையில் அம்மன் முன்னால் அதில் கைரேகை வைக்க வேண்டும். மனிதர் எழுபது வயதிலும் நாற்காலியில் சாயாமல் உட்காருவார். செங்கமலத்துக்கும் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஆனால் நோட்டு என்றதும் முகம் மாறிவிட்டது.

"எங்க வூட்டு ஆளு ஒருத்தனும் கோர்ட்டு படி ஏறுனதில்ல வக்கீலம்மா. அம்மன் நோட்டும் எல்லை தாண்டாது."

செங்கமலம் வற்புறுத்தாமல் எழுந்து வந்துவிட்டார். வீட்டுப் பெயரைக் காப்பவர் பேச்சு அவருக்குப் புரியாததல்ல. ஆனால் பத்து நாள் கழித்து மறுபடி போனார். இந்த முறை வாசுதேவன் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் கையில் இருந்தது. முத்துசாமிக்கு அப்படி ஒரு காகிதம் இருப்பதே தெரியாது. செங்கமலம் நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"தேதிய இன்னொரு வாட்டி படி," என்றார் முத்துசாமி.

படித்தார். காலை ஆறு மணியிலிருந்து பணியில் இருந்தேன் என்பதையும் படித்தார். முத்துசாமி எழுந்து உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"காப்போட எல்லை தாண்டுனியா?"

"இல்ல நைனா."

"அப்ப இது இன்னாடா கையெழுத்து?"

வாசுதேவன் செங்கமலம் கையிலிருந்த நகலைப் பார்த்தான்.

"அன்னிக்கி சாய்ங்காலம் இந்தக் கையாலதான் உனக்கு அவுத்தேன். இந்தக் காயிதம் நெசம்னா, காப்ப முறிச்சவன அம்மன் தீயில எறக்குன பாவி நானு. கம்பெனிக்காரன் உன்ன மட்டும் எழுதல. நம்ம வூட்டையே எழுதி வெச்சிக்கிறான்."

செங்கமலம் அப்போதும் எதையும் மறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வாசுதேவனுக்கு வேலை போகும், கார்டை மாற்றியதற்கு வழக்கும் வரலாம் என்று இருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். முத்துசாமி நோட்டைத் துணியில் சுற்றிக்கொண்டே, என்றைக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

செங்கல்பட்டில் விசாரணை நடந்த அன்று முத்துசாமி வெள்ளை வேட்டியில் கூண்டில் ஏறினார். இந்த நோட்டை நேற்றுகூட எழுதியிருக்கலாமே என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"முப்பத்தெட்டு பேர் ரேகை கீது இதுல. ஒவ்வொருத்தனா கூப்ட்டு அழுத்திப் பாரு," என்றார் முத்துசாமி.

பிறகு வாசுதேவன். ஒருமுறை பொய் சொன்னவனை இப்போது எப்படி நம்புவது என்று வக்கீல் மடக்கினார்.

"அன்னிக்கி பொய் சொல்லி வேலய காப்பாத்திகினேன் சார். இப்ப அத்த வுட்டுட்டுதான் வந்துக்கிறேன்." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். "காப்பு அவுத்து வூட்டுக்கு வந்தப்புறம்தான் போன் வந்துச்சி. என் கார்டுல போனவன் ஜான்சன். கிறிஸ்துமஸுக்கு அவன் வேலைய நான் பாக்கணும். அது அப்டியே நிக்கிது சார்."

எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்தார். செங்கமலம் தன் பங்குக்குச் சூப்பர்வைசரை வரவழைத்து, ஐந்து வருடப் பண்டிகை நாட்களின் பதிவை அவர் முன் வைத்து, மதியம் வரை விடாமல் கேட்டார். கடைசியில் அவர், தெரியும் என்றார்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அதில் ஜான்சன், 'பணியின்போது இறந்த தொழிலாளி' என்று எழுதியிருந்தது. ஜெபா தொகையைக் கேட்கவில்லை. அந்த வரியை இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, நகலில் அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுத் தரச் சொன்னாள்.

அந்த மாதமே கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிற்று. செங்கமலம் எதிர்பார்த்ததுதான், பதிலுக்கான குறிப்புகளை முன்பே எழுதி வைத்திருந்தார். முத்துசாமியைப் போனில் அழைத்து, வழக்கு முடியும்வரை நோட்டு திரும்பக் கிடைக்காது, ஆடியும் நெருங்குகிறது என்று வருத்தத்தோடு சொன்னார்.

"புது நோட்டு வாங்கிட்டேன்," என்றார் முத்துசாமி. "அது அங்கியே இருக்கட்டும். ஐகோர்ட்டுல யாருனா சந்தேகமா கேட்டா சொல்லு வக்கீலம்மா. நானே வந்து படிச்சிக் காட்றேன்."

செங்கமலம் டைரியைத் திறந்து, சாட்சிப் பட்டியலின் பக்கத்தில் அவர் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.