கேட்டு வாங்கிய அச்சு

1

"அந்த இரும்பு அச்சை எனக்குக் குடுப்பா."

கதை இப்படித்தான் தொடங்க வேண்டும். வேறு எப்படித் தொடங்கினாலும் பொய். இதை மட்டும் வாய்விட்டுக் கேட்கவே கூடாது என்று மார்னிக்கு எட்டு வயதிலேயே சொல்லிவைத்திருந்தார்கள். கேட்டுவிட்டாள். அதுவும் துப்பாக்கிச் சந்தையில், நாலு பேர் காதில் விழும்படி.

எனக்கு இந்தக் கதை கிடைத்தது எங்கள் ஊர்ச் சலவைக்கடையில். மார்னி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை ஒன்று ஒற்றையாய் மிஞ்சியது. ஆம்பளைக் காலுறை.

"இதோட ஜோடி எங்க?" என்றேன் சும்மா.

"அதுக்கு ஜோடி கிடையாது" என்று தொடங்கியவள், இயந்திரங்கள் எல்லாம் நிற்கும்வரை பேசினாள். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா ஷேனை மட்டும் கெட்டவனாக்கிடாத" என்றாள். அந்த ஒரு நிபந்தனை என் கதையைக் கெடுத்தது. காப்பாற்றியது என்றும் சொல்லலாம், இன்னும் முடிவு செய்யவில்லை.

2

முதல் வரைவு: "மொன்டானா மலைகளின் மேல் முதல் பனி விழுந்த அன்று" (வேண்டாம். இங்கே பனி விழாத நாளைப் பற்றி எழுதினால்தான் புதுசு.)

இரண்டாவது: "உருகிய ஈயத்தின் முகத்தில் வானவில்லின் நிறங்கள் ஓடும்போது" (உண்மைதான், ஓடும். ஆனால் மார்னி அப்படிப் பேசுகிறவள் இல்லை. அடித்துவிட்டேன்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன். வெர்ன் ஹால்வர்சன் மர ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வீட்டுக் கொட்டகையில் ஈயம் உருக்கி, தன் ரிவால்வருக்கு வேண்டிய குண்டுகளைத் தானே வார்த்துக்கொள்வார். இரண்டு பெண்கள். மூத்தவள் லின்ட்சி கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இளையவள் மார்னி கொட்டகையை விட்டு வெளியே வந்ததில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு அச்சு. வார்ப்பிரும்பு, இரட்டைக் குழி. அதில் விழும் குண்டு அந்த ரிவால்வருக்கென்றே பிறந்ததுபோல் உட்காரும்.

மார்னி பட்டம் வாங்கியபோது, அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம், ரிவால்வரை அவள் கையில் கொடுத்தார். அச்சைக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. "கேட்டு வாங்கின அச்சு குண்டை விடாது" என்பது வார்க்கிறவர்கள் வாயில் புழங்கும் பேச்சு; வார்த்த குண்டு குழியிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். கொடுத்தால் வாங்கலாம், கேட்கக் கூடாது. அவள் காத்திருந்தாள்.

* இங்கே ஒரு குறிப்பு. இரும்பு அச்சு சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் வேலை முடிந்ததும் கடைசியாக ஊற்றிய குண்டுகளை வெளியே தட்டாமல், உள்ளேயே விட்டு மூடிவைப்பார்கள். அடுத்த முறை அவற்றை ஈயத்தோடு உருக்கிவிட்டுத் தொடங்குவார்கள். இரும்பு அச்சு ஒருநாளும் வெறும் வயிற்றோடு தூங்கக் கூடாது. நினைவில் வையுங்கள், கதை இந்த ஆணியில்தான் தொங்குகிறது.

மார்னிக்கு நெப்ராஸ்காவில் வேலை கிடைத்தது. கிளம்பும் சமயத்தில் லின்ட்சி தொலைபேசியில் போகிறபோக்கில் சொன்னாள்: "அப்பா அந்த இரும்புச் சாமானை எங்க வீட்டுக்காரர்ட்ட குடுத்துட்டாருடி."

மறுநாளே வெர்ன் கூப்பிட்டார். "சந்தைக்கு வா புள்ள. உனக்கு நல்ல அச்சா ஒண்ணு வாங்கித் தரேன்."

3

ஷேனைப் பற்றி.

லின்ட்சியின் கணவன். என் முதல் வரைவில் அவன் கழுத்தில் தங்கச்சங்கிலி போட்டு, எல்லாவற்றையும் சுத்தியலால் அடிக்கிறவனாக வந்தான். கோபத்தில் எழுதியது, நன்றாகத்தான் இருந்தது. உண்மையான ஷேன், மாமனார் பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது அவரைக் குளிப்பாட்டியவன். மார்னி அப்போது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு நான் யார்மேல் கோபப்படுவது? கதை எழுதுகிறவளுக்கு ஒரு வில்லன்கூடக் கிடைக்காத ஊர் இது.

4

துப்பாக்கிச் சந்தை நடக்கும் கண்காட்சித் திடலின் கூரைக்கொட்டகை. பெவ் என்பவளின் மேசை. புருஷன் போன பிறகும் அச்சு வியாபாரத்தை விடாதவள்.

"என்ன வெர்ன், பொண்ணுக்கு அச்சுப் பாக்க வந்தியா, அச்சுக்குப் பொண்ணு பாக்க வந்தியா?"

"அவளே பாப்பா. நான் பணம் குடுக்கிற கை மட்டும்தான்."

மார்னி அலுமினிய அச்சு ஒன்றை எடுத்து, இரு பாதிகளையும் மூடி, குழல்விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"வெளிச்சம் தெரியுது."

"மயிரிழைதான், கண்ணு."

"அந்த மயிரிழையிலதான் ஈயம் பிதுங்கும். குண்டுக்கு மீசை முளைக்கும், பெவ்."

"உங்கப்பனுக்கே மீசை இருக்கு, யாரு வேணாம்னா?"

அடுத்ததில் மேல்தகடு ஆடியது. ஈயத்தின் மிச்சத்தை அறுக்கும் தகடு அது. சரியாகப் படியாவிட்டால் குண்டின் அடிப்பாகம் கோணும். அடி கோணினால் போகும் வழியும் கோணும். கீழே வைத்தாள்.

மூன்றாவது பித்தளை. கை தாழ்ந்தது, அத்தனை கனம். மூடினால் நல்ல பூட்டு விழுகிற சத்தம். திறந்தால், இரு பாதியையும் பொருத்திப் பிடிக்கும் முளைகள் இழுக்காமல் விட்டன.

"இதுல வார்த்தது வெச்சிருக்கியா?"

பெவ் மேலங்கிப் பையிலிருந்து குண்டுகளை எடுத்துப் போட்டாள். மார்னி ஒன்றின் அடிவிளிம்பை நகத்தால் சுற்றிப் பார்த்தாள். கூர்மை. இரு பாதி சேர்ந்த கோட்டில் நகம் தடுக்கவில்லை.

"தட்டணுமா, தானா விழுமா?"

"திறந்தா விழும். எம் புருஷன் மாதிரி இல்ல, ஒரு தடவ சொன்னாப் போதும்."

"அப்ப அதையே கட்டு" என்றார் வெர்ன். சட்டென்று சொன்னார். பல் பிடுங்கி முடிந்தவர் நாற்காலியை விட்டு எழுவதுபோல இருந்தது முகம். அந்த நிம்மதியைத்தான் மார்னியால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் கேட்டாள். முதல் வரியைத் திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

5

பெவ், "நான் காப்பி எடுத்துட்டு வரேன்" என்று நழுவினாள். அவள் கோப்பை நிறையத்தான் இருந்தது.

வெர்ன் கோட்டுப் பையில் கையை விட்டு, ஒரு சாம்பல் நிறக் காலுறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கனமாக ஏதோ. அந்த இரும்பு அச்சுதான். ஷேனிடமிருந்து திரும்ப வாங்கி, இதைத் தேற்ற முடியுமா என்று காலையிலேயே பெவ்விடம் காட்டியிருக்கிறார்.

மார்னி உருவினாள், திறந்தாள். கீல் கிறீச்சிட்டது. உள்ளே குண்டு இல்லை. இரண்டு குழியும் அம்மை போட்ட முகம்போலத் துருவோடியிருந்தது.

"கடைசியா ஊத்துனது எங்கப்பா?"

"தட்டி எடுத்துட்டான்."

"கழுவினானா?"

"சோப்புப் போட்டு, சுடுதண்ணியில. புது அச்சு வாங்கினா எண்ணெய் போகக் கழுவணும்னு சொல்லுவோம்ல, அதை இதுக்கும் செஞ்சுட்டான். பாவம், தொடச்சு, அடுப்புல காயவெச்சுத்தான் எடுத்து வெச்சிருக்கான். மாமனார் குடுத்ததுன்னு மரியாதை."

"வெறுமையாவா?"

"வெறுமையாத்தான்."

துருப்பிடித்த குழி குண்டை விடாது. அடித்தாலும் விடாது. தேய்த்தால் அளவு போய்விடும். இது இருவருக்கும் தெரியும் என்பதால் யாரும் சொல்லவில்லை.

"ஏம்ப்பா அவனுக்குக் குடுத்த?"

"கேட்டான், குடுத்தேன்." வெர்ன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, மூக்கைத்தான் துடைத்துக்கொண்டார். "நீ ஒரு தடவகூடக் கேக்கலியே. படிச்ச புள்ள, உனக்கு எதுக்கு இந்தக் கரிப்பிடிச்ச வேலைன்னு விட்டுட்டேன்."

"கேக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் கொடுமை.

"அது ஊரான்கிட்டத்தான் கேக்கக் கூடாது. பொண்ணு கேட்டா அப்பன் குடுக்க மாட்டானா?"

[இந்த இடத்தில் அவள் கோபத்தை ஒரு பத்தி எழுதினேன். அவளுடையதைவிட என்னுடையது அதிகமாக இருந்ததால் கிழித்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். நல்ல பெண் என்று பேர் வாங்க வாயை மூடிக்கொண்டு காத்திருந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் இதே பதிலை வாங்கியிருக்கிறோம்.]

6

என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

அப்பாவும் மகளும் கட்டிக்கொள்கிறார்கள். பெவ் மூக்கைச் சிந்துகிறாள். (ஹால்வர்சன் குடும்பத்தில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.)

மார்னி இரும்பு அச்சைக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு (எறிந்திருந்தால் என் கோபத்துக்கு ஆகியிருக்கும். அவள் எறியவில்லை.)

நடந்ததைச் சொல்கிறேன். பெவ் திரும்பி வந்ததும் மார்னி பித்தளை அச்சை அவள் பக்கம் தள்ளினாள்.

"இதைக் கட்டு, பெவ். எனக்கு இல்ல, அவருக்கு. எங்கப்பாகிட்ட இப்ப அச்சே இல்ல."

"ஏ புள்ள, உனக்கு?"

"எனக்கு வேண்டியதைத்தான் கேட்டுட்டேனே." இரும்பு அச்சை மறுபடி காலுறைக்குள் போட்டு, கையில் எடுத்துக்கொண்டாள். "பித்தளை துருப்பிடிக்காது. ஷேன் எத்தனை தடவை வேணா கழுவலாம்."

வெர்ன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவள் திரும்பி நடந்து கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"மார்னி! நாளைக்கு ஈயம் உருக்கப் போறேன். நீ... உனக்குத் தோதுப்பட்டா..."

பாருங்கள், அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. யாரும் அவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாக்கியம் பாதியில் நின்றது. என் வரைவில் நான் அதை முடித்துவைக்கப் பார்த்தேன். முடிக்கவில்லை, அது அவர் முடிக்க வேண்டிய வாக்கியம்.

மறுநாள் அவள் கொட்டகைக்குப் போனாளா, நேராக நெப்ராஸ்காவுக்கு வண்டியை விட்டாளா? சலவைக்கடையில் எனக்குச் சொன்னாள். உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் கேளுங்கள். கேட்கக் கூடாது என்று யார் உங்களிடம் சொல்லியிருந்தாலும் கேளுங்கள்.

நான் பார்க்கிறது இவ்வளவுதான்: அவள் நடை தளரவில்லை. அப்பா பேச்சை நிறுத்திய இடத்திலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள். கையில் அந்த ஒற்றைக் காலுறை கனத்துத் தொங்க, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.