நாற்காலியின் அடிப்பக்கம்

அருங்காட்சியகமாக மாறிவிட்ட இந்தப் பழைய மாளிகையில், மாடி அலுவலக அறை என் பொறுப்பு. எழுதுமேசை, சுவர்க்கடிகாரம், இரண்டு அலமாரி, வீட்டுக்காரர் உட்கார்ந்து ஊரையே ஆட்டிவைத்த பிரம்பு நாற்காலி. காலையில் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பத்தொன்பது வருடமாகப் போடுகிறேன். பொருள்களை நகர்த்தக் கூடாது, தூக்கக் கூடாது, மேலே தெரிகிற தூசியை மட்டும் தட்டவேண்டும் என்பது விதி. யாராவது பையைத் திறந்தாலே என் கண் அங்கே போய்விடும். கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் சி.ஐ.டி. வைத்துக்கொள்ளட்டும், ஒரு குண்டூசி இதுவரை போனதில்லை.

போன மாதம் ஒரு பெரிய மனிதர் கயிற்றைத் தாண்டிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டால் கால் வலியாம். பிரம்பு பட்டென்று அறுந்தது. என் அக்கா புருஷன் பிரம்பு பின்னுகிறவர். நான்தான் காப்பாட்சியர் மேடத்திடம் அவரைச் சிபாரிசு செய்தேன். வந்து தூக்கிக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாள் கழித்து நாற்காலி திரும்பியது. பின்னல் அவ்வளவு கச்சிதம். ஆனால் பேச உட்கார்ந்தால் எழுப்பவே முடியாத அத்தான், அன்று டீகூட வேண்டாம் என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அடியில என்ன அத்தான் கறுப்புத் துணி?"

"தூசி விழாம இருக்கட்டும்னு அடிச்சேன்."

"முன்னால அப்படி ஒண்ணு இருந்த மாதிரி தெரியலையே."

"இப்ப இருக்குல்ல. நீ அதைப் போட்டு நோண்டிட்டு இருக்காத."

நோண்டாதே என்று என்னிடம் சொன்னால் எனக்குத் தூக்கம் வருமா? அக்காவுக்குப் போன் போட்டு, அதையும் இதையும் பேசி, மெல்லக் கேட்டேன். கடைக்கு யாராவது புதிதாக வந்தார்களா?

"பழைய சாமான் வாங்கி விக்கிற ஆளாம். கார்ல வந்து அந்த நாற்காலியவே சுத்திச் சுத்திப் பாத்துட்டுப் போனாரு. ஏன்டி?"

"சும்மாதான்."

விடுமுறை நாளில் தனியாக வந்து, விதியை மீறி நாற்காலியைக் கவிழ்த்தேன். துணியைப் பிரித்தேன். அடியில் இன்னும் வெளிர்நிறம் மாறாத மரச்சட்டம், வரிசையாக ஸ்டார் ஸ்க்ரூ. நூறு வருட நாற்காலியில் ஸ்டார் ஸ்க்ரூ எங்கிருந்து வரும்? அசலை அந்தக் கார்க்காரனிடம் தள்ளிவிட்டு, போலியை என் தலையில் கட்டிவிட்டார். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. அக்காவை நினைத்தேன். நினைத்துக்கொண்டே மேடத்துக்குக் கடிதம் எழுதி, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மேடம் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அறைக்கு வெளியே பெஞ்சில் அத்தான் என்னருகே உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசினார்.

"துணியைப் பிரிச்சிட்ட, இல்ல? நான் எடுக்க வந்தப்பவே அடிப்பக்கம் அப்படித்தான் இருந்துச்சு. நீ கீழ போயிருந்த நேரத்துல கவிழ்த்துப் போட்டோ எடுத்தேன், அறுந்த பிரம்போட. என் போன்ல இருக்கு. சந்தேகமா இருந்துச்சுன்னுதான் அந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்துப் பதினஞ்சு வருஷ நாற்காலிதான்னு சொல்லிட்டாரு. அசலை எப்பவோ யாரோ கிளப்பிட்டாங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"பத்தொன்பது வருஷமா எல்லாம் சரின்னு எழுதினது யாரு? ஒரு தடவையாவது கவிழ்த்துப் பாத்தியா? விஷயம் வெளிய வந்தா முதல்ல யாரைப் பிடிப்பாங்க?"

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடம் என் கடிதத்தை அத்தான் பக்கம் நகர்த்தினார். அவர் படித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க கைக்கு வந்தப்பவே இது போலின்னு காட்ட ஏதாவது ஆதாரம் இருக்கா?" என்றார் மேடம்.

அத்தானின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வெறுங்கையாக இறங்கியது.

"இல்லைங்க மேடம்."

"அப்ப நான் போலீசுக்குத்தான் சொல்லணும்."

நான் பேசாமல் இருந்தால் போதும். என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. பிறகு அத்தானின் பையிலிருந்து போனை நானே உருவினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உதறிவிட்டேன். பூட்டியிருந்தது. அக்கா பிறந்த தேதியைப் போட்டேன், திறந்தது.

"இதுல இருக்கு மேடம். அவரு எனக்காகப் பொய் சொல்றாரு."

மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். அத்தானை உட்காரச் சொன்னார். என்னைச் சொல்லவில்லை.