பின்பக்கத்துக் காம்பரா

மழை நாளில் புதுத் தராசு நிலைக்காது. எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். கணக்கப்பிள்ளை அதன் தட்டைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வெளியே பெண்கள் மூட்டையை இறக்காமல் வரிசையில் நின்றார்கள். சேற்றில் இறக்கினால் கொழுந்தில் மண் ஒட்டும், மண்ணுக்கும் எடை கழிப்பார்கள்.

ரஜிதா ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்து அட்டையை உதறினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிச் சப்பாத்துக்குள் இறங்கியது.

முன்னால் நின்ற சுந்தரம்மா திரும்பிப் பார்த்தாள். "ஆப்பிரிக்காக்காரிக்கு வழி விடுங்கடி. பிளேன் கெளம்பிறப் போவுது."

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. ரஜிதாவும் சிரித்தாள். ஆனால் அவள் இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"யாருக்கா சொன்னது?"

"யாரு சொல்லணும்? ஒம்புருசந்தான் காலையிலயே ஆனவாழைப்பழச் சீப்பும் கேக்குப் பொட்டியுமா ஆபிசுப் படியில நின்னாரே. தொரை எறங்கி வந்து கையக் குடுத்தாராம்ல."

"கையக் குடுத்தாரா?"

"குடுத்தாரு, குடுத்தாரு. நம்மகிட்ட வாங்கும்போதுதான் அவுங்களுக்குக் கை நீளும். காம்பராவப் பாத்துக்க."

ரஜிதாவின் முறை வந்தது. தண்ணீருக்குக் கழித்து எழுதிய எண்ணை எட்டிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, வெறும் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறினாள்.

அவள் புருஷன் கிஷாந்த் தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கும் பிட்டர். கொழுந்தை உருட்டும் இயந்திரம் எந்தச் சத்தத்தில் ஓடினால் எந்த இடம் தேய்கிறது என்று அவனுக்குத் தெரியும். முன்பு இங்கே சின்ன துரையாக, உதவி மேனேஜராக, இருந்தவர் இப்போது ருவண்டாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையை நடத்துகிறார். அவர்தான் போன மாதம் போனில் கூப்பிட்டார். பிட்டர் வேலை, வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். குடும்பத்தோடு வா, தனியாக வந்தால் ஆறு மாதத்தில் ஓடிவிடுவாய் என்றார். கிஷாந்த் அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை.

ரஜிதா இன்னும் சரி என்று சொல்லவில்லை. காரணம் காம்பரா, அவர்கள் குடியிருக்கும் அறை. லயத்தில் ஒரு காம்பரா வைத்திருக்க வேண்டுமென்றால், அதில் இருக்கும் ஒருவருக்காவது தோட்டத்து வேலைப் பதிவில் பேர் ஓட வேண்டும். பேர் நின்றால் காம்பரா தோட்டத்துக்குப் போய்விடும். கிஷாந்த் மட்டும் போனால் அவள் பேரில் காம்பரா நிற்கும். மூன்று பேரும் போனால் நிற்காது.

அவள் போனபோது அவன் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து மரத்தூளும் மண்ணெண்ணெயும் போட்டுக் கையில் இருந்த கிறீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"யாரக் கேட்டு ஆபிசுக்குப் போனீங்க?"

"சொல்லிட்டுத்தானே போவணும், ரஜி. எங்கப்பா திருகோணமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறதுன்னாலும் தொரைகிட்டச் சொல்லிட்டுத்தான் போவாரு."

"ஒங்கப்பா திரும்பி வந்தாரு. நம்ம நாடு விட்டு நாடு போறோம். அதுவும் போறதான்னு இன்னும் முடிவு பண்ணல. முடிவு பண்ணாத வேலைக்கு வாழைப்பழமா?"

அவன் கையைப் பார்த்தான். "மரியாதைக்குச் சொன்னேன். சந்தோசப்பட்டாரு."

"பட்டிருப்பாரு. காம்பராவுக்கு ஆபிசுல எத்தன பேரு காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

"ரமேஸ் பேரப் போடச் சொல்லலாமே. ஒந்தம்பிதானே."

"அவன் மாத்தளையில போன் கடையில ஏசிக்குள்ள நிக்கிறான். கவாத்துக் கத்தியப் பிடின்னு சொன்னா ரத்தோட்டைக்கு இந்தப் பக்கமே வரமாட்டான்."

கிஷாந்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்காமல் உள்ளே போனாள். மகள் நிரோஜா பின்பக்கத்துக் காம்பராவில் மேசையில் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு இலையின் குறுக்குவெட்டு.

தோட்டம் கொடுத்தது முன்னால் ஒரு காம்பராவும் இஸ்தோப்பும்தான். பின்பக்கத்துக் காம்பராவைக் கட்டியது ரஜிதா. சீமெந்துக் கல்லை லொறிக்காரன் கீழே ரோடு வளையும் முடக்கிலேயே கொட்டிவிட்டுப் போவான். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து அவள் மேலே ஏற்றினாள். சீமெந்து வாங்க முடியாத மாதங்களில் சுவர் இடுப்பளவில் நின்றது. முடிந்தபோது அதற்குப் பூசியது கோயில் கும்பாபிஷேகத்தில் மிஞ்சிய மஞ்சள் பெயின்ட். மூடுபனிக்குள்ளும் தூரத்திலிருந்து தெரியும். அடுப்புப் புகை இல்லாமல் நிரோஜா படித்தது அந்தச் சுவர் எழும்பிய பிறகுதான்.

மறுநாள் மத்தியானம் பீல்ட் ஆபிசர் வந்தார். கூடவே வாச்சர் சசிக்குமார், கையில் டேப்புடன். ரஜிதா அப்போதுதான் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா அளந்துட்டுப் போறோம், தங்கச்சி. ஒங்க வேலையப் பாருங்க."

முன் காம்பராவை அளந்தார்கள். இஸ்தோப்பை அளந்தார்கள். பிறகு பீல்ட் ஆபிசர் அடுப்பங்கரை வழியாகப் பின்னால் போய், மஞ்சள் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, டேப்பை அங்கேயும் வைக்கச் சொன்னார்.

ரஜிதா சோற்றுப் பானையைக் கவிழ்த்தபடியே விட்டுவிட்டு வந்தாள். "ஐயா, இது நாங்க கட்டுனது."

"தெரியும். நல்லாக் கட்டியிருக்கீங்க."

"அப்ப இத எதுக்கு அளக்குறீங்க?"

"மண்ணு தோட்டத்துது. மண்ணுக்கு மேல நிக்கிறதும் தோட்டத்துக் கணக்குத்தான். வாறவுங்களுக்கு எவ்வளவு எடம்னு தெரியணும்ல."

"வாறவுங்க யாருன்னே முடிவாயிருச்சா?"

அவர் சுவரின் அளவை எழுதிக்கொண்டார். சசிக்குமார் டேப்பைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தான்.

"முன்னுக்குத் தகரம் ஒழுகுதுன்னு ஆபிசுக்கு வந்து நடையா நடந்தேன்," என்றாள் ரஜிதா. "அப்ப டேப்பத் தூக்கிக்கிட்டு ஒருத்தரும் வரல."

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. நீங்க போகலைன்னா ஒண்ணுமே இல்ல. ஒங்க பேரு ஓடுற வரைக்கும் ராணி மாதிரி இருங்க."

அவர் நல்ல மனிதர்தான். போகும்போது வாசலில் கழற்றி வைத்த செருப்பைத் தானே தேடிப் போட்டுக்கொண்டு, வடித்த சோறு குழையப்போகிறது என்று நினைவுபடுத்திவிட்டும் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சின்ன துரை அங்கே தரப்போகும் வீட்டைப் போனில் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். லயத்தில் சிக்னல் எடுக்காது. மூவரும் மாடசாமி கோயில் திருப்பத்துக்கு ஏறிப்போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்கள். கிஷாந்த் கல்யாணத்துக்குப் போவதுபோல் சட்டை போட்டிருந்தான். போனில் முதலில் ஒரு தொப்பி தெரிந்தது, பிறகு சின்ன துரையின் முகம்.

"ஆ, கிஷாந்த்! ரஜிதா, சுகமா? பயம் வேணாம், இங்கயும் தேயிலதான், இங்கயும் மழைதான்," என்று தோட்டத்தில் பழகிய தமிழில் சொன்னார். போனைத் திருப்பினார். சிவப்பு மண் ரோடு, ஒரு வேலி, பச்சைக் கதவு. உள்ளே மூன்று அறை, குழாயில் தண்ணீர். குழாயைத் திறந்தே காட்டினார்.

"ஸ்கூலுக்கு நடந்தா போவணும்?" என்று நிரோஜா கேட்டாள்.

"பஸ் வரும் மகள். வாசலுக்கே."

நிரோஜா அம்மாவைப் பார்த்தாள். அவளுடைய பள்ளிக்கூடம் மலைக்குக் கீழே இருந்தது. மழைக்காலத்தில் சப்பாத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிப்போவாள்.

ரஜிதா போனை வாங்கினாள். "சின்ன தொரை, இவரு வேல நின்னுட்டா வீட்ட எப்ப விடணும்?"

"ஐயோ, வேலையே தொடங்கேல்ல, அதுக்குள்ளயா?"

"கேட்டு வச்சுக்கிறது நல்லதுதானே."

"ஒரு மாசம் தருவாங்க."

"எனக்கு அந்த விசாவுல வேல செய்ய முடியாதுன்னு சொன்னாரு. நான் வேலைக்கு வரலைன்னா வீட்டப் பத்தி ஏதும் சொல்லுவாங்களா?"

"சேச்சே. அது பிட்டருக்குக் குடுக்கிற வீடு. நீங்க வேல செய்றதுக்கும் வீட்டுக்கும் என்ன?"

அவர் பேசிக்கொண்டிருக்கையில் அவருக்குப் பின்னால், ரோட்டில், முதுகில் கூடையோடு சில பெண்கள் போனார்கள். நனைந்திருந்தார்கள். ஒருத்தி போனைப் பார்த்துச் சிரித்தாள். ரஜிதாவும் தன்னையறியாமல் சிரித்தாள்.

"அவுங்க வீடு எங்க?"

"அது கீழ," என்று சின்ன துரை போனை மறுபடி வீட்டுப் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க, பின்னால மரக்கறி போட எடம்."

திரும்பி இறங்கும்போது கிஷாந்த், பேசினால் கெட்டுவிடும் என்பதுபோல் முன்னால் நடந்தான். மிளகுக் கொடி ஏறிய மரத்தடிக்கு வந்ததும் ரஜிதா நின்றாள்.

"ஏங்க, இங்கயும் அவுங்க வீடு, அங்கயும் அவுங்க வீடு. ஆனா அங்க அதுக்காக நான் தெனமும் கொழுந்தெடுத்துப் பேரு போட வேண்டியதில்ல."

"ம்."

"நீங்க மட்டும் போயி, நான் இங்க கொழுந்து எடுத்து இந்தக் காம்பராவக் காத்துக்கிட்டு நின்னா, புள்ள அப்பன போன்லதான் பாக்கும். அது எனக்கு வேணாம். மூணு பேரும் போவோம்."

அவன் திரும்பிப் பார்த்தான். "சம்பளம் இல்லாம இருந்துருவியா?"

"பழகிக்கிறேன். புதுசா ஒரு வேல பழகுற மாதிரி. கைச்செலவுக்கு ஒங்ககிட்டக் கையேந்த மாட்டேன், மாசம் பொறந்ததும் நீங்களே எடுத்து வைக்கணும். இப்பவே சொல்லிட்டேன்."

"சரி, தொரைசானி."

"தொரைசானியெல்லாம் வேணாம்."

"அப்ப பின்பக்கத்துக் காம்பரா? அதையும் சேத்துல்ல எழுதிட்டுப் போயிருக்காங்க."

"முன்னுக்கு இருக்கிறது அவுங்க குடுத்தது. குடுத்தபடியே கூட்டிக் கழுவித் திருப்பிக் குடுத்துருவோம்," என்றாள் ரஜிதா. "பின்னுக்கு இருக்கிறது நான் ஏத்துனது. நானே எறக்குறேன்."

பயணத்துக்கு முந்திய வாரம், வேலையில்லாத ஒரு பகலில், லயத்துப் பெண்களை வரச் சொன்னாள். கிஷாந்த் ஏணி போட்டுத் தகரத்தின் ஆணிகளைப் பிடுங்கினான். மழை குறைவாக இருந்தது. சீமெந்தை மிச்சம் பிடித்துப் பிடித்துக் கலந்த கலவை என்பதால், அலவாங்குக் கம்பியால் மெல்ல நெம்பினாலே கற்கள் முழுசாக வந்தன. ரஜிதா ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டியிருந்ததைச் சுரண்டித் துடைத்துக் கொடுத்தாள். பெண்கள் சும்மாடு சுற்றித் தலையில் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுப் பின்பக்கம் போனார்கள். யாருக்கு எவ்வளவு என்று பேச்சு வரவில்லை. சுமக்க முடிந்தவர்கள் சுமந்தார்கள்.

"எனக்குக் குசினிச் சுவருக்கு ஆகும்," என்றாள் சுந்தரம்மா. "நீ ஆப்பிரிக்கா போற புண்ணியத்துல எங்க வீட்டுப் பொக வெளிய போவட்டும்."

"ஒங்களுக்கும் நாளைக்கு டேப்போட வருவாங்கக்கா."

"வரட்டுமே. நானும் சோறு வடிச்சுக்கிட்டு இருப்பேன்."

பாதிச் சுவர் இறங்கியபோது சசிக்குமார் வந்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "என்னாக்கா இது? ஐயா எழுதிட்டாரே இத. கேட்டா நான் என்னான்னு சொல்ல?"

"வந்து கேக்கச் சொல்லு. கல்லு எந்த லொறியில வந்துச்சு, யாரு தலையில ஏறுச்சுன்னு சொல்றேன்."

"நான் இந்தப் பக்கமே வரல," என்று சொல்லிவிட்டு அவன் முதுகைக் காட்டி நின்றான். ஆனால் போகவில்லை. சற்றுப் பொறுத்து, திரும்பாமலே கேட்டான்: "அந்த ஜன்னல் யாருக்குன்னு சொன்னீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கிஷாந்த் ஏணியிலேயே உட்கார்ந்து சிரித்தான். ஜன்னல் சசிக்குமாருக்குப் போனது.

தரையில் பதித்த டைல்தான் வரவில்லை. இரண்டைக் கிளப்பிப் பார்த்ததில் உடைந்தன. மிச்சத்தை விட்டுவிட்டாள். சாயங்காலம் பெய்த மழையில் அந்தச் சதுரம் மட்டும் வெறும் வானத்துக்குக் கீழே பளிச்சென்று கிடந்தது. நிரோஜா மேசை இருந்த மூலையில் போய் ஒருமுறை நின்றுவிட்டு வந்தாள்.

புறப்பட்ட காலையில் ரஜிதா முன் காம்பராவைக் கழுவினாள். சுவரில் அடித்த ஆணிகளைக்கூடப் பிடுங்கி, ஓட்டைகளைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தாள். சாவி வாங்க வந்த பீல்ட் ஆபிசர் உள்ளே பார்த்தார், பின்னால் போய் டைலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீங்க குடுத்தது எல்லாம் இருக்கா ஐயா?"

"இருக்கு தங்கச்சி," என்றார் அவர். "போயிட்டு வாங்க." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேன் முடக்கில் திரும்பியபோது லயத்தின் முதுகு முழுவதும் தெரிந்தது. ரஜிதா கண்ணாடியை இறக்கினாள். மூடுபனிக்குள் மஞ்சள் கற்கள், ஒரு வீட்டில் படியாக, ஒரு வீட்டில் அடுப்புக் கட்டையாக, அங்கங்கே இரண்டும் மூன்றுமாகத் தெரிந்தன. சுந்தரம்மாவின் வீட்டுக்குப் பின்னால் அவை முழங்கால் உயரச் சுவராகியிருந்தன. அதன் பக்கத்தில் பீல்ட் ஆபிசரின் கறுப்புக் குடை நின்றது. சசிக்குமார் டேப்பின் நுனியைச் சுவரின் அடியில் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். சுந்தரம்மா தலையில் இன்னொரு மஞ்சள் கல்லோடு, டேப் விலகும்வரை காத்து நின்றாள்.